எட்டு உருண்டை வைத்த தோட்டாப் பை

"அம்மா, சாகும்போது ஒருத்தன் விட்ட சாபம் பலிக்குமா?"

நாச்சியம்மா பூசணிக்காயை அரிவாள்மனையில் வைத்து இரண்டாகப் பிளந்தாள்.

"நேத்து சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னேன். நம்ம சமையக்காரர் மனசுக்குள்ள என்னை என்னென்னவோ சபிச்சார். நல்லாத்தானே இருக்கேன்?"

"அவர் உயிரோட இருக்கார். நான் கேக்கறது செத்தவனைப் பத்தி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

கல்லுமலை மடத்தில் எல்லாருக்கும் நாச்சியம்மாதான் குரு. கேள்வி கேட்டவன் பரஞ்சோதி. பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பியவன். குருவைவிடப் பத்து வயது மூத்தவன். மடத்துக்கு வந்த எட்டு மாதத்தில் "வணக்கம்", "போதும்" இரண்டைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்காதவன்.

அக்குளில் எந்நேரமும் ஒரு பை. குளிக்கப் போனால் பை படிக்கட்டில் உட்காரும், இவன் அதைப் பார்த்துக்கொண்டே முங்குவான். உள்ளே தங்கம் என்றது மடத்தில் ஒரு கட்சி. எலும்பு என்றது இன்னொரு கட்சி.

காக்கிக் கான்வாஸ் பை. மூடியில் பித்தளைப் பொத்தான். பச்சை பூத்து இறுகிக் கிடந்தது.

"அதுல என்ன?"

"சாபம்."

"கனமா இருக்குமோ?"

பரஞ்சோதி சிரிக்கவில்லை. அவள் பூசணி விதையை வழித்துப் போட்டாள்.

"சொல்லுங்க, பட்டாளத்தாரே. சாபத்துக்கு முன்னால கதைன்னு ஒண்ணு இருக்குமில்ல."

இருந்தது.

"இது தோட்டாப் பை அம்மா. ஆளுக்கு ரெண்டு. மார்ல இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. முதல்ல இடது பக்கத்துத் தோட்டா. அது தீர்ந்தா வலது. காலையில எழுந்ததும் ஹவில்தார் வரிசையா வந்து, ஒவ்வொரு பையா மூடியைத் தூக்கி எண்ணுவார். ஒண்ணு குறைஞ்சாலும் அவ்வளவுதான்."

"யாரு ஹவில்தார்?"

"ராயப்பன். முன்பல் ரெண்டும் கிடையாது."

சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினான். அவன் வாயிலிருந்து வேறொருவர் பேசினார்.

"ஃபரஞ்சோதி! தோட்டா எங்கேடா? உங்கப்ஃபன் வீட்டுச் ஃசோளமா, கோழிக்குப் ஃபோட்டுட்டியா?"

சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். கிணற்றடியில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஊமை என்று நினைத்திருந்த ஆளுக்குள் ஒரு ஹவில்தார்!

"நான் எல்லாரையும் அப்படிப் பேசுவேன் அம்மா. வெள்ளைக்காரத் தொரை இருந்தார். 'ஏய் மேன்! டோட்டாப் பை டிறந்து காட்டு மேன்!' ஜப்பான்காரனுக்குப் பயந்து குழிக்குள்ள கிடக்கறப்ப, எங்களுக்கு வேற பொழுதுபோக்கு ஏது? நான் தொரை மாதிரிக் கத்துவேன். பத்துப் பேர் விறைப்பா எழுந்து நிப்பான். அப்புறம் அடிக்க வருவான்."

"அடி வாங்கினீங்களா?"

"வாங்காத நாளே இல்லை. அதிகமா அடிச்சவன் மாசிலாமணி. அதிகமா சிரிச்சவனும் அவன்தான். பக்கத்துக் குழி."

பையைத் தடவினான்.

"இது அவனோடது."

கூட்டம் கொஞ்சம் நெருங்கியது.

"அவன் சம்சாரம் ஊர்லேர்ந்து பொரிவிளங்காய் உருண்டை பிடிச்சு அனுப்பியிருந்துச்சு. வறுத்த மாவுல பாகு ஊத்தி, சுடச்சுட உருட்டறது. ஆறினா கருங்கல். அதைத் துணியில தச்சு, அந்தத் துணியை இன்னொரு துணியில தச்சு, எங்க கண்ல படாம வச்சிருந்தான். எனக்குக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு."

"திருடித் தின்னீங்க."

"தின்னிருந்தா இன்னைக்கு நிம்மதியா இருந்திருப்பேன். அவன் அசந்த நேரம் பார்த்து, வலது பக்கத்துப் பையில இருந்த தோட்டாவையெல்லாம் எடுத்தேன். அங்க உருண்டையை வச்சேன். எட்டு. அதே கனம். குலுக்கினா அதே சத்தம். காலையில ராயப்பன் வந்து மூடியைத் தூக்குவார்."

மறுபடி நெஞ்சு நிமிர்ந்தது.

"மாஃசிலாமணி! இது என்னடா? ஜஃப்பான்காரனுக்குச் ஃசீமந்தமா?"

நாச்சியம்மா சிரித்துவிட்டாள்.

சும்மா சிரிப்பில்லை. அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. பூசணித் துண்டு ஒன்று உருண்டு வாசல்வரை போனது.

பரஞ்சோதியின் முகம் வெளுத்தது.

"அம்மா! ஒரு உயிர் போயிருக்கு!"

"தெரியுது. போறதுக்கு முன்னால வரைக்கும் நல்ல கூத்துதானே! சொல்லுங்க. ராயப்பன் வந்தாரா?"

"வரலை."

சிரிப்பு நின்றது.

"விடிஞ்சும் விடியாம ஜப்பான்காரன் வந்துட்டான். எங்க பார்த்தாலும் குண்டு. மண்ணு மழையாப் பெய்யுது. மாசிலாமணி சுட்டான். இடது பக்கத்துப் பை தீர்ந்தது. அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு."

"அவனோட தோட்டா எங்க இருந்துச்சு?"

"என் மூட்டையில."

"எடுத்து வீசினீங்களா?"

"வீசினேன். பாதி வழியில விழுந்துச்சு. போய் எடுக்க என்னால ஆகலை. அவனாலயும் ஆகலை."

பரஞ்சோதி வலது மார்பைத் தொட்டுக் காட்டினான்.

"அவன் கை வலது பக்கத்துப் பைக்குள்ள போச்சு. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். வேற எவன் செஞ்சிருப்பான்? அவனுக்குத் தெரியும். என்னைப் பார்த்துக்கிட்டே வாயை அசைச்சான் அம்மா. பீரங்கிச் சத்தத்துல ஒரு எழுத்துக்கூடக் கேக்கலை. வாய் மட்டும் அசைஞ்சுது. ரொம்ப நேரம் அசைஞ்சுது. அப்புறம் அவன் குழியிலேயே ஒண்ணு விழுந்துச்சு."

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"கீழ கிடந்ததை உள்ள போட்டு, மூடி எடுத்துக் கொடுத்தவர் ராயப்பன். 'அவன் வீட்டுல ஃசேர்த்துடு'ன்னார். போகலை. திறக்கவும் இல்லை. இருபது வருஷம் ஆச்சு. யார் வாய் அசைஞ்சாலும் என்ன பேசறான்னு சொல்லிடறவன் நான். அது ஒண்ணு மட்டும் பிடிபடலை. கண்ணாடி முன்னால நின்னு ஊர்ல இருக்கற சாபத்தையெல்லாம் சொல்லிப் பார்த்துட்டேன். நாசமாப் போ. உன் வம்சம் அழிய. எதுவும் அந்த அசைவுக்குப் பொருந்தலை. அவ்வளவு நீளமா, என்ன சாபம் அம்மா அது?"

நாச்சியம்மாவின் கண் பைமேல் இருந்தது.

"நான்தானே அவனைக் கொன்னேன்?"

இல்லை என்று சொல்வாள். சொல்லத்தானே குரு. கூட்டமும் அதைத்தான் எதிர்பார்த்தது.

"ஆமா," என்றாள் நாச்சியம்மா. "குண்டு போட்டவன் பாதி. நீங்க பாதி."

சமையல்காரர் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

இருபது வருடத்தில் இதைப் பரஞ்சோதியிடம் இப்படிச் சொன்ன ஆள் கிடையாது. அவனே சொல்லிக்கொண்டபோதுகூடக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லிக்கொண்டான்.

அவள் கையை நீட்டினாள்.

"பையைக் கொடுங்க."

"வேண்டாம் அம்மா."

"கொடுங்க பட்டாளத்தாரே."

கொடுத்தான். அவள் பொத்தானை ஒரு முறை திருகிப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்த மூச்சில் பையை அரிவாள்மனையில் வைத்து, பூசணியை அறுத்த அதே கையால் சரக்கென்று இழுத்தாள்.

பரஞ்சோதி போட்ட சத்தத்தில் கூரைப் புறா எல்லாம் பறந்தது. தலைமேல் கைவைத்துத் தரையில் குப்புற விழுந்தான். இருபது வருடத்துக்கு முன்னால் விழுந்த மாதிரியே.

எதுவும் வெடிக்கவில்லை.

டக். டக். டக். கல்தரையில் என்னவோ உருண்டது.

மெல்லத் தலையைத் தூக்கினான். மூக்குக்கு முன்னால், கறுத்துப் போய், பொரிவிளங்காய் உருண்டை. எறும்புகூடத் தோற்றுப்போன உருண்டை.

நாச்சியம்மா குனிந்து பொறுக்கினாள்.

"எத்தனை வச்சீங்க?"

"எட்டு."

"எண்ணுங்க."

எண்ணினான். ஆறு. பையின் இரண்டு பாதியையும் திருப்பி உதறினான். மண்தான் விழுந்தது. மறுபடி எண்ணினான்.

"ஆறு," என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை.

அவள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முந்தானையில் துடைத்தாள். வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள்.

ஓரத்தில் பல் பதிந்திருந்தது. ஒரு கடி. ஆழமான கடி.

பரஞ்சோதி வாயைப் பிளந்தான்.

பிளந்த வாய்க்குள் அவள் வேறொரு உருண்டையைத் திணித்தாள்.

கூட்டத்தில் ஒருவர், "ஐயோ, இருபது வருஷப் பழசும்மா!" என்றார்.

அவள் காதில் வாங்கவில்லை.

"இப்ப என்னைச் சபிங்க, பட்டாளத்தாரே."

அவன் முயன்றான். உருண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. தாடை ஏறியது, இறங்கியது. ஹவில்தாரும் வரவில்லை, துரையும் வரவில்லை. ஒரு சொல்கூட வரவில்லை.

நாச்சியம்மா தண்ணீர் அண்டாவை அவன் முகத்துக்கு நேராக இழுத்து வைத்தாள்.

தண்ணீருக்குள் ஒரு வாய் அசைந்தது. சத்தமில்லாமல். ரொம்ப நேரம்.

அவன் அதையே பார்த்தான்.

மெல்லுவதை நிறுத்தவில்லை.