தேருக்கு வந்த கன்றுக்கயிறு

முன்னொரு காலத்தில், தேர்த்திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர்கூடப் பசியோடு திரும்பக்கூடாது என்று வழக்கம் வைத்திருந்த ஒரு நாட்டில், இரக்கம் திடீர் திடீரென்று வந்துவிடும் ராஜா ஒருவர் இருந்தார். சோறு போடும் பொறுப்பு ராஜாவுக்கு இல்லை. ஊரில் தொழில் செய்கிறவர்களுக்குத்தான். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் ராஜாவின் முன்னோர் ஒருவர். அவருக்குச் சமைத்துப் பழக்கமில்லை.

ஒரு வருடம், திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பூக்கட்டும் பெண் ஒருத்தி தெருவோரம் அழுதுகொண்டிருப்பதை ராஜா பல்லக்கில் இருந்தபடி பார்த்தார். போன வருடம் தோட்டை விற்றுச் சோறு போட்டாளாம். இந்த வருடம் விற்கக் காதில் ஒன்றுமில்லை. ராஜாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. பல்லக்கை அரண்மனைக்குத் திருப்பச் சொன்னார்.

சபை கூடியது.

"சிறு தொழில் செய்வோர் இனி அன்னதானம் செய்ய வேண்டாம். நடுத்தரத் தொழில் செய்வோர் நீர்மோர்ப் பந்தல் வைத்தால் போதும். பெருந்தொழில் செய்வோர் மட்டும் ஊருக்குச் சோறிடட்டும்" என்றார் ராஜா.

எல்லாரும் ஆஹா என்றார்கள். அடுத்து ராஜா கேட்ட கேள்விக்குத்தான் ஆளுக்கு ஆள் மேலே உத்தரத்தைப் பார்த்தார்கள்.

"அது சரி. சிறு தொழில் என்பது எது?"

பிரதானி விருப்பாட்சர் எழுந்தார். ஊரிலேயே பெரிய எண்ணெய் வணிகரான குமரேசரின் தங்கையைத்தான் அவர் மணந்திருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

"மிக எளிது, அரசே! தலைகளை எண்ணிவிடலாம். ஒரு கூரையின் கீழ் நாலு பேர் வரை வேலை செய்தால் சிறு தொழில். பத்துப் பேர் வரை நடுத்தரம். அதற்கு மேல் பெருந்தொழில்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. எண்ணத் தெரிந்தால் போதும், யோசிக்க வேண்டாமே!

அரசவை விகடன் தாண்டவன் மட்டும் தொண்டையைச் செருமினான். "அரசே, இரத்தின வியாபாரியிடம் இரண்டே பேர்தான்..."

"பார்த்தீர்களா, அரசே!" என்று விருப்பாட்சர் குறுக்கிட்டார். தாண்டவன் சொன்னால் ராஜா சிரிக்கிறார், தாம் சொன்னால் கொட்டாவி விடுகிறார் என்று அவருக்கு நெடுநாள் புகைச்சல். "குறை சொல்ல இவருக்கு வாய் உண்டு, வேலை செய்யக் கை இல்லை. கயிறு திரிப்போர் தெருவில் இந்த ஆணையை இவரே நிறைவேற்றட்டுமே!"

"நல்லது" என்றார் ராஜா. "தாண்டவா, ஆணைக்கு எதிராக ஒரு சொல்லும் பேசக் கூடாது. எழுத்துக்கு எழுத்து நிறைவேற்று. பிசகினால் இந்தச் சபையில் உனக்கு இடமில்லை."

தாண்டவன் வாயை மூடிக்கொண்டு வணங்கினான்.

மறுநாளிலிருந்து ஊரில் கூரை வேலை மும்முரமாயிற்று. குமரேசருக்கு ஒரே நீளக் கொட்டகையில் நாற்பது செக்குகள். செக்குக்கும் செக்குக்கும் நடுவே ஒரு முழம் கீற்றைப் பிரித்து எறிந்தார். நாற்பது கூரை ஆயிற்று. கூரைக்கு மூன்று ஆள், ஒரு மாடு. மாட்டை ஆளாக எண்ண வேண்டியதில்லை என்று பிரதானி நேரில் வந்து தீர்ப்புச் சொல்லி, இளநீரும் குடித்துவிட்டுப் போனார். குமரேசர் நாற்பது சிறு தொழில் செய்யும் ஏழையாகிவிட்டார். இரத்தின வியாபாரியோ எதையும் பிரிக்காமலே ஏழை.

கயிறு திரிப்போர் தெருவில் இருந்தது ஒரே ஒரு பெரிய தொழில்தான். அது பேராச்சியுடையது.

அவள்தான் வருடாவருடம் தேருக்கு வடம் திரித்துக் கொடுப்பவள். தேர்வடம் என்றால் தொடைப் பருமன் இருக்கும். தென்னந்தோப்பின் இந்த முனையில் ஒரு கூட்டம் நார்ப்புரியைப் பிடித்து முறுக்க, இன்னொரு கூட்டம் அந்த முனைவரை பின்னோக்கியே நடந்து போக வேண்டும். நடுவில் புரி தரையில் படாமல் தாங்க வேறு ஆள் வேண்டும். இருபத்து நாலு பேருக்கு ஒருவர் குறைந்தாலும் வடம் அமையாது. தோப்பின் தென்னங்கீற்றெல்லாம் சேர்ந்து ஒரே கூரை என்று கணக்கெழுதிவிட்டதில், அந்த இருபத்து நாலு பேரால் பேராச்சி பெருந்தொழில்காரி ஆகிவிட்டாள்.

தாண்டவன் போனபோது அவள் நாரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அய்யா, நாங்க பெரிய தொழிலா? இருவத்தி நாலு பேரும் ஒரே பானையில கஞ்சி காச்சிக் குடிக்கிறோம். ஊருக்கே சோறு போடணும்னா இந்தத் தோப்ப வித்தாலும் பத்தாது. அப்புறம் எங்க நின்னு கயிறு திரிக்கிறது?"

"அக்கா, ஆணையப் பத்தி நான் பேசக் கூடாது. ராசா உத்தரவு. ஆனா நீங்க சின்னத் தொழிலா ஆயிடணும்னா அதுக்கு அந்த ஆணையிலயே வழி இருக்கு. நாலு பேர மட்டும் வச்சுக்குங்க."

"மத்த இருவது பேரு?"

"திருவிழா வரைக்கும் எங்க வீட்டுல சாப்பிடட்டும்."

"நாலு பேரு தேர்வடம் திரிக்க முடியுமா? புரியத் தூக்கவே ஆளு காணாது."

"நாலு பேரால எது முடியுமோ அதத் திரிங்க."

பேராச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அது கன்னுக்குட்டி கட்டத்தான் ஆவும்."

"நல்லா இறுக்கித் திரிங்க. ராசா கையால தொடப் போறாரு."

"தேரு ஓடாமப் போனா பழி என் தலையில விழுமே அய்யா!" அவள் குரல் நடுங்கியது.

"உங்க தலைக்கு முன்னால என் தலை நிக்கும், அக்கா" என்றான் தாண்டவன்.

அன்று இருபது பேர் தன் வீட்டு வாசலில் இலை போட்டு உட்கார்ந்ததைப் பார்த்த தாண்டவன் மனைவி அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். திருவிழா முடியும் வரை பேசவில்லை.

திருவிழா நாள் வந்தது. தேர் அலங்காரத்தோடு நின்றது. முதலில் வடத்தைத் தொட்டு இழுப்பது ராஜாவின் உரிமை. ராஜா கை நீட்டினார்.

"வடம் எங்கே?"

தாண்டவன் ஒரு சிறிய கயிற்றுச் சுருளை விரலில் மாட்டிக்கொண்டு வந்தான். அதன் ஒரு முனையைத் தேரில் பணிவாகக் கட்டி, மறுமுனையை ராஜாவிடம் நீட்டினான். ராஜா பழக்கதோஷத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். தேரின் மேலிருந்த மணிகூட அசையவில்லை.

"இது கன்று கட்டும் கயிறு அல்லவா!"

"ராஜ நிந்தனை!" என்று விருப்பாட்சர் கத்தினார். கூட்டத்தில் பேராச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆணையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருக்கிறேன், அரசே" என்றான் தாண்டவன். "இருபத்து நாலு பேரோடு பெருந்தொழிலாக இருந்தவள், ஆணைப்படி நாலு பேரோடு சிறு தொழில் ஆகிவிட்டாள். கயிறும் கூடவே சிறுத்துவிட்டது."

ராஜாவின் முகம் சிவந்தது. "தேர் பிறகு ஓடட்டும். முதலில் ஜனங்கள் சாப்பிடட்டும். இன்று சோறிடும் பெருந்தொழில்காரர் யார்?"

பந்தலில் ஆயிரக்கணக்கான இலைகள் வெறுமனே கிடந்தன.

"ஊரில் பெருந்தொழிலே இல்லை, அரசே" என்றான் தாண்டவன். "எண்ணெய் வணிகர் நாற்பது சிறு தொழில் செய்கிறார். இரத்தின வியாபாரியிடம் இரண்டே பேர். தங்கள் ஆட்சியில் ஒரே மாதத்தில் ஊர் முழுவதும் சிறியதாகிவிட்டது."

ராஜா காலி இலைகளைப் பார்த்தார். கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"சரி, நீயே சொல். எதைக் கொண்டு அளப்பது?"

"பேசலாமா, அரசே? தடை இருக்கிறதே."

"பேசித் தொலை!"

"கயிற்றுக்கு ஆள் வேண்டும், இரத்தினத்துக்கு இரண்டு விரல் போதும். எனவே தலையை எண்ண வேண்டாம். அடைமழையில் தொழில் ஒரு மாதம் நின்றால் முதலாளி வீட்டு அடுப்பு எரியுமா என்று கேளுங்கள். அந்த மாதமே அணைந்தால் சிறு தொழில். அந்த மாதத்தைத் தாக்குப்பிடித்து அடுத்த மாதம் அணைந்தால் நடுத்தரம். மழை எத்தனை மாதம் பெய்தாலும் எரிந்தால் பெருந்தொழில். வருடத்துக்கொரு முறை திரும்பக் கேளுங்கள். மனிதன் எழுவதும் உண்டு, விழுவதும் உண்டு."

"மறைத்துவிட்டால்?"

"அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள், அரசே. கூரையைப் பிரிக்கலாம், அடுப்புப் புகையை மறைக்க முடியுமா?"

ராஜா கூட்டத்தைப் பார்த்து, "குமரேசர் வீட்டில் மழைக்காலத்தில் அடுப்பு எரியுமா?" என்று கேட்டார்.

"மழை பேஞ்சாத்தான் சாமி அங்க பலகாரமே சுடுவாங்க!" என்றார் செக்காட்டும் ஒருவர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. குமரேசரும் இரத்தின வியாபாரியும் அப்போதே அடுப்பு மூட்ட ஓடினார்கள்.

தேர் ஐந்து நாள் தள்ளிப்போயிற்று. பேராச்சியின் இருபது பேரும் தோப்புக்குத் திரும்பினார்கள். நாள் குறைவு, கை போதாது என்று அவள் சொன்னதும், ராஜா விருப்பாட்சரைக் காட்டினார். பிரதானி ஐந்து நாளும் புரியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கியே நடந்தார்.

"சாமி, திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க. முறுக்கு கெட்டுரும்" என்று பேராச்சி இந்த முனையிலிருந்து கத்தினாள். பயம் போய், குரல் பழையபடி கணீரென்று இருந்தது.

ஆறாம் நாள் வடம் பூட்டித் தேர் ஓடியது. நிலைக்கு வந்ததும் ராஜா தாண்டவனை அழைத்து, "என்ன பரிசு வேண்டும்?" என்றார்.

தாண்டவன் இடுப்பிலிருந்த அந்தக் கன்றுக்கயிற்றை எடுத்துக் காட்டினான். "கயிறு இருக்கிறது, அரசே. இதில் கட்டத்தான் வீட்டில் ஒன்றுமில்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கன்றோடு ஒரு கறவைப்பசுவைக் கொடுத்து அனுப்பினார். அதைப் பார்த்த பிறகுதான் தாண்டவன் மனைவி வாய் திறந்தாள். "இருவது பேருக்கு ஒரு மாசம் பொங்கிப் போட்டும் நம்ம அடுப்பு அணையல. பாலு வேற வந்தாச்சு. அப்ப நாம எந்தத் தொழிலு?"

தாண்டவன் பதில் சொல்வதற்குள் அரண்மனைச் சேவகன் வாசலில் வந்து நின்றான்.

"ராஜா சொல்லி அனுப்பினாருங்க. பசு வந்துட்டதால நீங்க இனிமே நடுத்தரமாம். அடுத்த வருசம் நீர்மோர்ப் பந்தல் உங்களோடதாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."