இதழ்மழை நின்ற இடம்

சாத்தூரில் செசிலி நடத்திய வீடியோ கடையின் பழைய கணினிக்குள் இதழ்மழை என்று ஒருத்தி இருந்தாள். அவள் எந்தச் செடியிலும் பூத்தவள் இல்லை. கணினி தானே கணக்குப் போட்டு வரைந்த ரோஜா இதழ்கள்தான் அவள்.

கல்யாண வீடியோவில் தாலி ஏறும் நேரம் மேலிருந்து கொட்டுவது அவள் வேலை. ஒரு காலத்தில் அவளைக் கேட்காத வீடே அந்த வட்டாரத்தில் கிடையாது. "பூ கொட்டுற மாதிரி வச்சிருங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மணமக்களைச் சுமந்து சுழலும் இதயமும், தோகை விரிக்கும் மயிலும் அவளோடு வேலை பார்த்த கூட்டாளிகள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பெல்லாம் சிவக்கும்.

பிறகு இதயத்தை அழித்தார்கள். மயிலும் போனது. திரையில் மின்னும் தங்கத்துகளாய்த் தூவும் பொன்தூசி என்ற புதியவள் வந்தாள்.

"இனி உங்களை யாருக்கா கேக்கப்போறாங்க? பார்த்தா சிரிப்பாங்க" என்றாள் பொன்தூசி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

ஒருநாள் காலையில் பொன்செல்வி கடைக்கு வந்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன் அவள் கல்யாணத்தைப் படம் எடுத்துத் தொகுத்தது செசிலிதான்.

"சிடி கீறல் விழுந்துபோச்சுக்கா. பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க."

"புதுசா, நல்லா பண்ணித் தரட்டுமா? இந்தப் பூவெல்லாம் எடுத்துட்டு?"

"ஐயோ, பூவை எடுத்துராதீங்க! அது விழும்போதுதான் எனக்கு என் கல்யாணம் மாதிரியே இருக்கும்."

உள்ளே இதழ்மழைக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா?" என்றாள் பொன்தூசியிடம். பொன்தூசி ஒதுங்கி வழிவிட்டாள்.

செசிலி பழைய கோப்பைத் திறந்தாள். இதழ்மழைக்கு அடியில் அந்தக் கல்யாணத்தின் காட்சி, எடுத்தது எடுத்தபடி, படுத்திருந்தது. எப்போதும் பேசாத காட்சி அன்று வாய் திறந்தது.

"உன்னை இங்கே எதுக்கு வச்சாங்கன்னு தெரியுமா?"

"அழகுக்குத்தான்."

"இடதுபக்கம் மட்டும் ஏன் இவ்வளவு அடர்த்தியா கொட்டுறே?"

இதழ்மழை அதை யோசித்ததே இல்லை.

"அங்கே பொண்ணோட அண்ணன் தவமணி நிக்கிறான்" என்றது காட்சி. "வேற சாதியில கட்டினான்னு அப்பா அவனை வீட்டைவிட்டு விரட்டிட்டார். அன்னைக்கு யாருக்கும் தெரியாம வந்து கடைசி வரிசையில நின்னான். அப்புறம் வீடியோவில அவனைப் பார்த்த அப்பா, அவன் மூஞ்சி தெரியக் கூடாதுன்னு சொன்னார். செசிலி உன்னைக் கொட்டவிட்டா. அண்ணன் கல்யாணத்துக்குக்கூட வரலையேன்னு இந்தப் பொண்ணு பதினெட்டு வருஷமா அவன்கிட்ட பேசலை."

இதழ்மழையின் கண்முன் பழைய நாட்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இதயம், மயில், தான், ஊரே கேட்டு வாங்கிய அந்தச் சந்தோஷம். இன்று ஒருத்தி மறுபடியும் ஆசையாகக் கேட்டு வந்திருக்கிறாள். விழுந்தால் இன்னும் இருபது வருஷம் அந்த வீட்டில் இருக்கலாம்.

"நான் விழலைன்னா?" என்று கேட்டாள்.

"அழிச்சிருவாங்க" என்றது காட்சி.

செசிலி பொத்தானை அழுத்தினாள். கணினி ஒவ்வொரு படமாக வரைந்துகொண்டே வந்தது. நாதஸ்வரம் வேகமெடுத்தது. தாலி மேலே எழுந்தது. கணினி இதழ்மழையை அழைத்தது.

அவள் போகவில்லை.

திரையில் பூ விழவில்லை. கூட்டத்தின் இடதுபக்கம், சுவரோரம், கசங்கிய நீலச் சட்டையில் ஒருவன். கண் கலங்கியிருந்தது. கை நிறைய அட்சதை. எட்டி எட்டி வீசினான். அரிசி முன்வரிசைத் தலைகளிலேயே விழுந்தது, மேடை வரைக்கும் வரவில்லை.

"அது... எங்க அண்ணன்" என்றாள் பொன்செல்வி.

செசிலி தலை குனிந்தாள். "உங்கப்பா சொன்னாருமா. நான்தான் பூவைப் போட்டு மறைச்சேன். சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

பொன்செல்வி அவளைத் திட்டவில்லை. அந்த இடத்தையே மறுபடியும் மறுபடியும் ஓட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"பூவைத் திரும்ப வைக்கட்டுமா?" என்றாள் செசிலி, மெதுவாக.

"வேண்டாம்கா. எடுத்துருங்க."

செசிலியின் விரல் இதழ்மழையை அழிக்கும் பொத்தானின் மேல் வந்து நின்றது. பொன்தூசி அழுதாள். இதழ்மழை அழவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு வெளியே கேட்டாள்.

பொன்செல்வி யார் யாரிடமோ கேட்டு எண் வாங்கி, போனைக் காதில் வைத்திருந்தாள். மறுமுனையில் ஓர் ஆண் குரல், "யாருங்க?" என்றது.

"அண்ணே" என்றாள் அவள். பிறகு சொன்னாள்:

"நீ போட்ட அட்சதை இப்பத்தான் அண்ணே என் மேல விழுந்துச்சு."