ராஜாவின் வில்வண்டியை ஒரு முழம் உயர்த்திய கதை

முன்னொரு காலத்திலே, ராஜாவுக்குக் கோபம் வந்தால் அரண்மனை யானைக்கு வேலை வந்துவிடும் என்று ஊரே பயந்துகிடந்த ஒரு ராஜ்யத்திலே, உக்கிரமாறன் என்றொரு ராஜா இருந்தார். யானைக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். குற்றவாளியின் தலைமேல் கால் வைப்பதுதான் வேலை.

ஒருநாள் ராஜா வேட்டை முடிந்து தன் வில்வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். ஆற்றுத்துறையில் தண்ணீர்மட்டத்துக்குச் சற்றே கீழே கிடந்த ஒரு கல் வண்டியின் அடிச்சட்டத்தில் 'டமார்' என்று இடித்தது. குதிரைகள் நின்றன, ராஜா நிற்கவில்லை. பறந்துபோய்க் கரையோரச் சேற்றில் முகம் குப்புற விழுந்தார். கூட வந்தவர்கள் எல்லோரும் சட்டென்று வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சபையின் விகடகவி ஆண்டியப்பனுக்கு மட்டும், பாவம், சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

சிரிப்பது அவன் தொழில்தான். ஆனாலும் எந்த நேரத்தில் சிரிப்பது என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மறுநாள் சபை கூடியது. "என் வண்டி ஒரு முழம் உயர வேண்டும்!" என்று ராஜா கர்ஜித்தார்.

தச்சர்களின் தலைவர் முத்தாசாரி கைகட்டி நின்று, "மகாராஜா, அதற்கு இரண்டு வழி உண்டு. அடிச்சட்டத்துக்கும் மேலே உள்ள பெட்டிக்கும் நடுவில் கட்டைகளை வைத்துப் பெட்டியை மட்டும் தூக்கலாம். ஒரே நாள் வேலை. இல்லையென்றால் அச்சின்மேல் உள்ள இரும்பு வில்லையே மாற்றிச் சட்டத்தோடு சேர்த்து வண்டி முழுவதையும் தூக்கலாம். அதற்குப் பத்து நாள் ஆகும்" என்றார்.

"எது நல்லது?"

சபையில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளியப் பார்த்தார்கள். தப்பாகச் சொன்னால் யானை. அப்போது தளவாய் செங்கோடராயர் எழுந்தார். ராஜா ஆண்டியப்பனோடு சேர்ந்து சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துபோன மனிதர் அவர். "பிரபு, தாங்கள் விழுந்ததைப் பார்த்துச் சிரித்தவனே வழியும் சொல்லட்டும். சொன்ன வழி சரிதானா என்று அவன் உடம்பை வைத்தே சோதிக்கலாம்" என்றார்.

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. "அடே ஆண்டியப்பா! வழியைச் சொல். பதினோராம் நாள் உச்சிவேளையில், எந்தக் கல் என் வண்டியை இடித்ததோ அந்தக் கல்லின்மேல் நீ படுத்திருக்க வேண்டும். என் வண்டி துறையைக் கடக்கும். உன் உடம்பில் கீறல் விழாவிட்டால் பரிசு. வேலையைத் தளவாய் மேற்பார்க்கட்டும். அதுவரை இதைப்பற்றி யாரும் என்னிடம் பேசக்கூடாது" என்றார்.

ஆண்டியப்பனுக்குப் பயம்தான். ஆனாலும் புத்தி வேலை செய்தது. பெட்டி எவ்வளவு உயர்ந்தால் என்ன? கல்லில் இடித்தது சட்டமல்லவா? "வில்லை மாற்றுங்கள் மகாராஜா. சட்டம் உயரட்டும்" என்றான். ஒரு முழ உயரத்தில் தன் ஒல்லி உடம்பு தப்பிவிடும் என்று கணக்குப் போட்டான்.

பத்தாம் நாள் சாயங்காலம் தச்சுப்பட்டறைக்குப் போனான். வண்டி ஒரு முழம் உயர்ந்து கம்பீரமாக நின்றது. சுற்றிலும் பட்டுத் தொங்கல் தரைவரை கட்டியிருந்தார்கள். முத்தாசாரியோ இவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆண்டியப்பன் தொங்கலைத் தூக்கிக் குனிந்து பார்த்தான். ஐயோ! சட்டம் பழைய இடத்திலேயே இருந்தது. பெட்டியின் கீழே கட்டைகள்!

"என்ன ஆசாரியாரே இது?"

முத்தாசாரி அழுதுவிட்டார். "தளவாய் வந்து மெரட்டிட்டுப் போனாருப்பா. வெளிய சொன்னா எம் மவனைத் தொலைச்சிருவேன்னாரு. ராசா கேட்டா வில்லுதான் மாத்துனேன்னு சொல்லச் சொன்னாரு. நான் புள்ளகுட்டிக்காரன், என்னைய மன்னிச்சிருப்பா."

ஆண்டியப்பன் எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. ராஜாவிடம் சொல்லலாமென்றால் பேசக்கூடாது என்று உத்தரவு. ஓடிவிடலாமென்றால் ஊர் எல்லையெல்லாம் தளவாயின் ஆட்கள். அவன் மனைவி அங்கம்மா சோற்றைப் போட்டாள். அவன் அதைத் தொடவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாழாப்போன கல்லு! அது ஒண்ணு அங்க கெடக்கிறதாலதானே இத்தனை கூத்தும்? அதைத் தூக்கிப் போட அந்த அரமனையில ஒரு ஆம்பளையும் இல்லையா?"

ஆண்டியப்பன் அவளையே பார்த்தான். ராஜா சொன்ன உத்தரவை ஒவ்வொரு வார்த்தையாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தான். அப்புறம்தான் சோற்றில் கை வைத்தான்.

காலையில் துறைக்குப் போய்ப் பரிசல்காரர் காத்தானைக் கூப்பிட்டான். "அண்ணே, இந்தக் கல்லைக் கரையேத்த முடியுமா?"

"ரெண்டு சோடி மாடு போதும் தம்பி. எத்தனை வருசமா எங்க பரிசலைக் கிழிக்குது தெரியுமா? ராசாபாதையில கெடக்கிற கல்லு, தொட்டா குத்தமாயிடும்னு நாங்க சும்மா இருந்தோம்."

"குத்தம் வந்தா என் தலையோட போகட்டும், இழுங்கண்ணே!"

உச்சிவேளை ஆயிற்று. ராஜாவின் வண்டி துறைக்கு வந்தது. தளவாய் குதிரையில் கூடவே வந்தார். தண்ணீரில் ஆளைக் காணோம். "பயந்து ஓடிவிட்டான் பிரபு!" என்று தளவாய் கத்தினார். ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு, "வண்டியை விடு. அக்கரை போய் அவனைப் பிடிப்போம்" என்றார்.

வண்டி தண்ணீரில் இறங்கிச் சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் அக்கரை ஏறியது. அங்கே பாதையோரத்தில், ஈரம் சொட்டும் ஒரு பெரிய கல்லின்மேல் ஆண்டியப்பன் மல்லாந்து கிடந்தான். இரண்டு கையையும் கூப்பியபடி, தேகமெல்லாம் வெடவெடவென்று நடுங்கக் கிடந்தான்.

"அடே! உன்னை எங்கே படுக்கச் சொன்னேன்?"

"வண்டியை இடித்த கல்லின்மேல் படுக்கச் சொன்னீர்கள், மகாராஜா. இதுதான் அந்தக் கல். துறையை வண்டி கடக்கும் என்றீர்கள். கடந்துவிட்டது. என் உடம்பில் கீறல் இல்லை."

"என் வண்டி உயர்ந்ததா என்று எப்படித் தெரிவது?" ராஜாவின் கண் சிவந்தது.

"வேலையை மேற்பார்த்தவர் தளவாய்தான், பிரபு. அவரே இந்தக் கல்லின்மேல் படுக்கட்டும். வண்டியை மேலே ஓட்டிப் பார்த்துவிடலாம்."

"படு" என்றார் ராஜா. தளவாய் படுக்கவில்லை. குதிரையிலிருந்து விழாத குறையாக இறங்கி, ராஜாவின் காலைப் பிடித்துக்கொண்டு, கட்டை வைத்த கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். ராஜா அவர் இடுப்பிலிருந்து பட்டாக்கத்தியை அவிழ்க்கச் சொன்னார். தளவாய்ப் பதவி அத்தோடு போயிற்று.

பிறகு ராஜா ஆண்டியப்பன் பக்கம் திரும்பினார். "இப்போது சொல். பெட்டியை உயர்த்துவதா, வில்லை மாற்றுவதா?"

"எதற்காக உயர்த்த வேண்டும், மகாராஜா? கல்தான் கரைக்கு வந்துவிட்டதே."

ராஜா கல்லைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். பத்து நாள் பட்டறையில் கிடந்த வண்டியைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சிரித்தார் பாருங்கள், ஆறு முழுக்கக் கேட்கும்படி ஒரு சிரிப்பு! கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

ஆண்டியப்பனின் கை நடுக்கத்தில் மாலை இரண்டு தடவை நழுவிற்று. "ஏனடா இன்னும் நடுங்குகிறாய்? நான்தான் சிரித்துவிட்டேனே?" என்றார் ராஜா.

"சிரிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தீர்களே, மகாராஜா. அதற்குத்தான் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறேன்."

ராஜா மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை உடனே சிரித்தார்.