சோ-கால்ட் பிளம்பர்

குருவுக்கு வயது இருபத்தாறு, சீடருக்கு நாற்பத்தெட்டு. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இதெல்லாம் சகஜம்.

சீடர் ஞானதுரை பாளையங்கோட்டையில் பிளம்பர். துபாய் கம்பெனி ஒன்று அவரைப் போனில் இன்டர்வியூ எடுத்தது. நீங்கள் யார் என்று கேட்டார்கள். "ஐ ஆம் எ சோ-கால்ட் பிளம்பர்" என்றார் மனுஷன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. நாளை காலை இன்னொரு தடவை கூப்பிடுகிறோம், அதுதான் கடைசி என்று போனை வைத்துவிட்டார்கள்.

நேரே ரெஹானா டீச்சரிடம் வந்து நின்றார்.

"டிக்‌ஷனரி பாத்துத்தான் சொன்னேன் டீச்சர். 'என்று அழைக்கப்படுகிற'ன்னு போட்டிருக்கு. ஊரே என்னை பிளம்பர்னுதான கூப்பிடுது? இதுல என்ன தப்பு? தெரிஞ்சுக்கிடாம நான் நகர மாட்டேன்."

வகுப்புக்குப் பின்னால் வாஷ்பேசின் குழாய் ரெண்டு நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. டீச்சர் செல்போனை எடுத்துக் கட்டட ஓனரை அழைத்தார்.

"சார், இங்க குழாய் ஒழுகுது. யாராவது ஒரு சோ-கால்ட் பிளம்பர் இருந்தா அனுப்புங்க. பேருக்கு ஒரு ஆள் வந்தாப் போதும்."

ஞானதுரைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பேருக்கு ஒரு ஆளா? இருக்கிற குழாயையும் உடைச்சுட்டுப் போவான். நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கேன். தள்ளுங்க டீச்சர்."

வால்வை அடைத்தார். குழாயைக் கழற்றி, பையில் இருந்த வாஷரைப் போட்டு முடுக்கினார். பத்து நிமிஷத்தில் ஒழுகல் நின்றுவிட்டது. கையைத் துடைக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அந்த வார்த்தைக்கு இதுதான் அர்த்தமா?"

"இதேதான் அண்ணாச்சி. மத்தவங்க அப்படிக் கூப்பிடுறாங்க, ஆனா நான் நம்பலன்னு அர்த்தம்."

ஞானதுரைக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் விடுகிற ஆள் இல்லை அவர்.

"அப்போ நான் சொன்னது சரிதானே டீச்சர்? எங்கிட்ட ஒரு சர்டிபிகேட் கிடையாது. ஐ.டி.ஐ. வாசலைக்கூட மிதிச்சதில்ல. நாளைக்கு அதைத்தான் முதல்ல கேட்பான். கேட்டுட்டு, என்னைப் பாத்து அந்த வார்த்தையை அவனே சொல்லுவான்."

"சொன்னாச் சொல்லட்டும் அண்ணாச்சி. அது அடுத்தவங்களைப் பத்திச் சொல்ற வார்த்தை. தன்னைப் பத்தி யாரும் சொல்லிக்கிடக் கூடாது."