குறங்காட்டுப்புதூரார் நாய் பார்க்கப் போனது

குறங்காட்டுப்புதூர் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. பொய் தெரியாது, சோம்பல் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள், அவ்வளவுதான். ஒருமுறை ஊர்க் கூட்டத்தில் தலைவர், "எல்லாரும் உட்காருங்க" என்று சொன்னார். கூட்டம் முடிந்து எழுந்திருக்கச் சொல்ல மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் பால் கறக்க ஆள் வராததால் மாடுகளே கூட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

அந்த ஊரில் சென்னியப்பன், நாச்சிமுத்து, குப்பணன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் சென்னியப்பனுக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி பாவாயி வெளியூர்க்காரி. பிள்ளைகள் நாலு பேர், கடைக்குட்டி சிட்டு. வீடு ஊரைத் தள்ளி, சுற்றிலும் கரும்புக் காட்டுக்கு நடுவில் இருந்தது. கரும்பு வெட்டும்போது உள்ளே ஒளிந்திருக்கிற பன்றியும் பாம்பும் வெளியே ஓடிவரும். போன வருடம் ஒரு காட்டுப்பன்றி, பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த வாசல் வழியாகவே ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாவாயிக்கு அந்த நடுக்கம் போகவில்லை.

இந்த வருடம் வெட்டுக்கு முன்னால் அவள் தன் அண்ணன் ஊர்க் கோயில் நோம்பிக்குப் புறப்பட்டாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. வாசலில் நின்று புருசனிடம் சொன்னாள்:

"இந்தா பாருங்க. நான் திரும்பி வர்றப்போ, பிள்ளைங்களுக்கு ஏத்த நாயி ஒண்ணு பிள்ளைங்களோட இருக்கோணும். இல்லீன்னா நாலு பேர்த்தையும் கூட்டிட்டு எங்கண்ணன் வீட்டுக்கே போயிருவேன். அப்புறம் வெட்டு முடிஞ்சாலும் வரமாட்டேன்."

சென்னியப்பனுக்குப் பிள்ளைகள் இல்லாமல் ஒரு வேளைச் சோறு இறங்காது. அன்றைக்கே தம்பிகளைக் கூட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா ஓர் எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எருமையின் அந்தப் பக்கத்திலிருந்தே பேசினார்.

"குழந்தைங்க இருக்கிற வீடா? அப்ப அவசரப்படாதீங்க. குட்டி வாங்கறதுக்கு முன்னாடி அதோட தாயைப் பாருங்க, முடிஞ்சா தகப்பனையும் பாருங்க. அதுங்க சாதுவா இருந்தா குட்டியும் சாதுவா வரும். எல்லாருக்கும் சம்மதமான்னு கேட்டுக்கோங்க. நாய் வர்றதுக்கு முன்னாடியே குழந்தைங்களைப் பழக்கிடுங்க, சாப்பிடறப்போ தொடக் கூடாது, தூங்கறப்போ எழுப்பக் கூடாதுன்னு. இன்னொண்ணு, நீங்களா ஒரு குட்டியைத் தேர்ந்தெடுக்காதீங்க. எந்தக் குட்டி உங்ககிட்ட வருதுன்னு பாருங்க. அதுவே உங்களைத் தேர்ந்தெடுக்கட்டும்."

நல்ல யோசனைதான். வேறு எந்த ஊராக இருந்தாலும் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் நாச்சிமுத்து நின்றான்.

"அண்ணா, தாயைப் பாக்கோணும், தகப்பனைப் பாக்கோணும், எல்லார்த்துக்கும் சம்மதமான்னு கேக்கோணும். இது எனக்கு என்னமோ தெரிஞ்ச காரியமாட்டவே இருக்குது."

"இது சம்பந்தம் பேசறதுடா," என்றார் சென்னியப்பன். "அந்தம்மா படிச்சவங்க. வெளிப்படையாச் சொல்லலை. நாமதான் புரிஞ்சுக்கோணும்."

"ஆமாங் அண்ணா. எருமையை வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்லுவாங்க?" என்றான் குப்பணன்.

முதலில் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். பழக்குவதற்கு ஒரு நாய் வேண்டும். ஆனால் நாய் வருவதற்கு முன்னாலேயே பழக்க வேண்டும். மூவரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் குப்பணன் எழுந்து, மாட்டுக் கயிற்றை எடுத்துத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு, தொழுவத்துத் தூணருகே போய்ப் படுத்தான். அவனுக்குத்தான் தொண்டை பெரிது.

"சித்தப்பா, நாயி காப்பி குடிக்குமா?" என்று கேட்டாள் சிட்டு.

"குடிக்கும். சக்கரை கொஞ்சம் தூக்கலாப் போட்டுக் கொண்டா. கொண்டாந்து வெச்சிட்டுத் தள்ளி நில்லு. தொடக் கூடாது."

பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். சித்தப்பா சாப்பிடும்போது யாரும் கிட்டே போகவில்லை. தூங்கும்போது யாரும் எழுப்பவில்லை. குப்பணன் சாப்பிட்டான், தூங்கினான், மறுபடியும் சாப்பிட்டான். இதைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த நாச்சிமுத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தான்.

"அண்ணா, ஒரே நாயைப் பாத்துப் பழகினா, வேற நாயைப் பாக்கறப்போ பிள்ளைங்க பயந்துக்கும்."

"நியாயந்தாண்டா," என்று சென்னியப்பன் இன்னொரு கயிறு எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று ஆள் வேலையையும் அவரே பார்த்து, இரண்டு நாய்களுக்கும் சோறு வைத்தார். பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டுமே.

குப்பணன் வாங்கிய சாப்பாட்டுக்கு வஞ்சகம் செய்யவில்லை. காலையும் மாலையும் விடாமல் குரைத்துப் பழகினான். சில நாளில் பக்கத்துத் தோட்டத்து நாய்கள் பதில் சொல்லத் தொடங்கின.

அப்புறம் ஒரு நல்ல நாள் பார்த்துச் சம்பந்தம் பேசக் கிளம்பினார்கள். ராக்கியப்பனின் அரிசி மில்லில் செவலை நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. மூன்று பேராகப் போனால் காரியம் ஆகாது என்று நாலாவது ஆளாகச் சிட்டுவையும் கூட்டிக்கொண்டார்கள். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் இருந்தது.

"வாங்கோ, வாங்கோ. நெல்லு அரைக்கோணுமா?" என்றார் ராக்கியப்பன்.

"இல்லீங். சம்பந்தம் பேச வந்தோமுங்."

"எனக்குப் பொண்ணு இல்லீங்களே!"

"தெரியுமுங். உங்க நாயோட பையனைப் பாக்க வந்திருக்கோம்."

ராக்கியப்பன் மெசினை நிறுத்தினார்.

தாய் நாய் தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "எங்களுக்குக் காடு மூணு ஏக்கராங். கெணறு வத்தாது. பிள்ளைங்க நாலு பேரும் தங்கமானவங்க. தம்பிங்க ரெண்டு பேரும்..." என்று தம்பிகளைத் திரும்பிப் பார்த்து, "ஏக்கரா மூணுங்," என்று முடித்துக்கொண்டார். தாய் நாய் கொட்டாவி விட்டது.

இதற்குள் ஒரு வெள்ளைக்கால் குட்டி தத்தித் தத்தி வந்து சிட்டுவின் பாவாடை ஓரத்தைக் கடித்து இழுத்தது. ஆண் குட்டி.

"அப்பா, இதுதானப்பா! எடுத்துட்டுப் போலாமப்பா!"

"சும்மா எடுத்துட்டுப் போங்க சாமி," என்றார் ராக்கியப்பன்.

"இன்னும் தகப்பனைப் பாக்கலீங்களே."

"தகப்பனா? அது எந்தத் தெரு நாயோ, யாரு கண்டா?"

நாச்சிமுத்து சட்டென்று குட்டியின் காதுகள் இரண்டையும் பொத்தினான். "பையன் முன்னாடி இப்பிடிப் பேசலாமுங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

தகப்பனைத் தேடினார்கள். அந்த ஊர்த் தெரு நாய்களை ஒவ்வொன்றாகக் கூட்டிவந்து தாய்க்கு முன்னால் நிறுத்தினார்கள். அது ஒவ்வொன்றையும் குரைத்து விரட்டியது. குப்பணன் கால்சட்டையின் பின்பக்கத்தை இழந்தான். பொழுது சாயும் நேரத்தில், மில்லில் வளர்கிற வெள்ளாட்டுக் கிடா தானாகவே உள்ளே வந்து தாய் நாய்க்குப் பக்கத்தில் படுத்தது. நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பாத்தியா? ஒரு வார்த்தை பேசலை," என்றார் சென்னியப்பன். "எத்தனை வருசமாக் குடும்பம் நடத்தறாங்களோ."

"ஆனா இவர் ஆடுங்களே அண்ணா?"

"அது அவங்க வீட்டு விசயண்டா. நமக்கு எதுக்கு?"

தாம்பாளத்தைக் கிடாவின் முன்னால் நீட்டினார். கிடா எழுந்து நின்று வெற்றிலையை எடுத்தது. பாக்கையும் எடுத்தது. பழத்தைத் தோலோடு எடுத்தது.

"வெத்தலை எடுத்துட்டாரு. சம்மதந்தான்," என்று மூவரும் கும்பிட்டார்கள்.

"அப்பா, இப்ப எடுத்துக்கலாமா?" என்றாள் சிட்டு.

"நாமா எடுக்கக் கூடாது கண்ணு. அவருதான் நம்மளை எடுக்கோணும்."

நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். குட்டி நாச்சிமுத்துவை மோந்து பார்த்துத் தும்மியது. குப்பணன் மரியாதைக்காக மெல்லக் குரைத்தான். குட்டி பயந்து மூட்டைக்குப் பின்னால் ஓடி, வெகுநேரம் கழித்துத்தான் எட்டிப் பார்த்தது. கடைசியாகச் சென்னியப்பனிடம் வந்தது. காலையில் பால் கறக்கும்போது அவர் காலில் பால் சிந்தியிருந்தது. குட்டி அதை நக்கி முடித்து, அந்தப் பாதத்தின் மேலேயே தலை வைத்துத் தூங்கிப்போனது.

சென்னியப்பன் காலை அசைக்காமல் நின்று கும்பிட்டார். "குடும்பத்துக்குப் பெரியவனாப் பாத்து எடுத்திருக்காரு. அப்பிடீன்னா மொத்தக் குடும்பத்தையும் எடுத்துட்டாருன்னு அர்த்தம்."

"ரொம்பச் சந்தோசம். கூட்டிட்டுப் போங்க," என்றார் ராக்கியப்பன்.

"நாங்க எப்பிடிங்க கூட்டிட்டுப் போறது? எடுத்தது அவரு. எடுத்தவங்க வீட்டுக்குத்தானுங்களே மத்தவங்க வந்து வாழோணும்?"

குப்பணனுக்குக் கண் கலங்கியது. பிறந்த வீட்டை விட்டுப் போவது யாருக்குத்தான் சுலபம்?

மறுநாள் காலையில் மில் வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. அதில் கட்டில், பானை, அம்மி, நாலு பிள்ளைகள். வண்டிக்குப் பின்னால் எருமை. ராக்கியப்பன் நல்ல மனிதர். தவிட்டு மூட்டைகளை ஓரமாக நகர்த்தி இடம் செய்து கொடுத்தார். வேறு என்ன செய்வார்? எருமை அதற்குள் உள்ளே போய்விட்டது.

வெட்டுக்கு முந்தின நாள் பாவாயி நோம்பியிலிருந்து திரும்பி வந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. விசாரித்துக்கொண்டு மில்லுக்கு வந்தாள். தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு அவள் புருசன் ஒரு வெள்ளாட்டுக் கிடாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"இது என்ன கூத்துங்க?"

"மெதுவாப் பேசு, சம்பந்தி இருக்காரு. நீ பிள்ளைங்களோட நாயி இருக்கோணும்னுதானே சொன்னே? இருக்குது பாரு. எந்த வீட்லன்னு சொன்னியா?"

பாவாயி கொண்டுவந்த பையை மறுபடியும் தூக்கிக்கொண்டாள். பெரிய பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிவிட்டுச் சிட்டுவின் கையைப் பிடித்தாள். "நடங்க. மாமன் வீட்டுக்குப் போலாம்."

சிட்டு குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சென்னியப்பன் எழுந்து நின்றார். கை விசிறிக்கொண்டேயிருந்தது, ஆனால் கிடாவின் மேல் காற்றுப் படவில்லை. "பாவாயி, நீ சொன்னபடிதானே எல்லாம் செஞ்சேன்? எதுல தப்பு?" என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

பாவாயி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து இத்தனை வருசம் ஆகியிருந்தது. எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"தப்பு ஒண்ணுமில்லீங்க. எடுத்தது அவருதான், ஒத்துக்கறேன். ஆனா வீட்டோட மாப்பிள்ளைன்னு ஒண்ணு இருக்குதல்ல?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது யாருக்கும் தோன்றவில்லை.

"அவருக்குச் சம்மதமான்னு கேக்கோணுமே அண்ணி," என்றான் நாச்சிமுத்து.

பாவாயி நோம்பிக் கடையில் வாங்கிய கருவாட்டை மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். மாப்பிள்ளை அதன் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்தார். ராக்கியப்பன் அன்றைக்கு மில்லுக்கு விடுமுறை விட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினார்.

மறுநாள் விடிந்ததும் கரும்பு வெட்டு ஆரம்பித்தது. பாவாயி குட்டியைத் தூக்கி வாசலில் விட்டாள். சின்னக் குட்டிதான், ஆனாலும் ஏதாவது வந்தால் சத்தம் போடும், பிள்ளைகள் உள்ளே ஓடிவர நேரம் கிடைக்கும் என்பது அவள் கணக்கு.

சென்னியப்பன் பதறி ஓடிவந்தார். "அய்யோ சாமி, நேத்து வந்த மாப்பிள்ளையை வேலை செய்யச் சொல்லுவியா? அவர் குரைக்கக் கூடாது. ஊர்ல நம்மளைப் பத்தி என்ன பேசுவாங்க?"

"அப்ப யாருங்க குரைக்கறது?"

அதற்குள் குப்பணன் முழங்காலில் உட்கார்ந்துவிட்டான். மாப்பிள்ளையைக் கட்டிலில் தலையணை போட்டுப் படுக்க வைத்தார்கள். வாசலுக்கு வெளியே, கரும்புக் காட்டைப் பார்த்தபடி, அண்ணன் தம்பி மூன்று பேரும் நாலு காலில் நின்றார்கள்.

வெயில் ஏறும்போது கரும்பு சரசரத்தது. பன்றி வந்தது, போன வருடத்துப் பன்றியைவிடப் பெரியது. நேராக வாசலைப் பார்த்து வந்தது. பாவாயி பிள்ளைகளை வாரி எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவள் புருசன் ஓடவில்லை. தம்பிகளும் ஓடவில்லை. குப்பணன் தலையைத் தூக்கி, இத்தனை நாள் காப்பியும் சோறும் சாப்பிட்டதற்கெல்லாம் சேர்த்து ஒரு குரைப்புக் குரைத்தான். அண்ணன்மார் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். வெட்டுக்காரர்கள் அரிவாளைப் போட்டுவிட்டு மரம் ஏறினார்கள். பன்றி நின்றது. மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. அது பிறந்ததிலிருந்து இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. அப்படியே திரும்பி, வந்த வழியே ஓடிப்போனது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பன்றியே வரவில்லை.

அன்று மத்தியானம் பாவாயி அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் நெய் விட்டுச் சோறு போட்டாள். அண்ணன் வீட்டுப் பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை.

அந்த வாரமே கரும்புக் காட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், சத்தத்தை மட்டும் கேட்டவர், விசாரித்துக்கொண்டு வந்தார்.

"உங்க வீட்ல கெட்டித் தொண்டையா ஒரு நாயி இருக்குதாமா? பன்னியையே ஓட்டிருச்சுன்னு பேசிக்கறாங்க. என்ற வீட்லயும் சின்னப் பிள்ளைங்க இருக்குதுங்க. அதோட குட்டி ஒண்ணு எனக்குக் குடுக்கோணும்."

சென்னியப்பனும் நாச்சிமுத்துவும் குப்பணனைப் பார்த்தார்கள். குப்பணன் வெட்கத்தில் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"குடுக்கறதுக்கு என்னங், தாராளமாக் குடுக்கலாம். ஆனா எனக்கு இன்னும் பொண்ணே பாக்கலீங்களே."