வேலாண்டியார் பந்தில்லாமல் ஆடியது

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. பந்தையே தொடாமல் வாலிபால் ஆடி, ஊரையும் மனைவியையும் முருகனையும் ஒருசேரச் சலிக்க வைத்த ஓர் அடியாரின் கதையைச் சொல்லப் போகிறேன்.

செம்பாறைக் குன்றின் அடிவாரத்தில், முருகன் சந்நிதிக்கு நேர் எதிரே ஆடுகளம். அதற்குச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவதுதான் வேலாண்டியாரின் தொண்டு. விசாகத் திருவிழாப் போட்டியில், முருகன் கண்ணெதிரே ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்பது அவர் வேண்டுதல். ஆனால் பந்தின் பக்கம் போனாலே அணித்தலைவர் தங்கதுரை கத்துவார்.

“சுண்ணாம்புக் கையோட பந்தத் தொடாதீரும்வே! பந்துத் தோலு வெடிச்சிரும்லா!”

என்ன செய்வார்? தினமும் காலையில் கோடு போட்டு முடித்ததும், பந்தில்லாமலே ஆடுவார். ஓடுவார், எம்புவார், வெறுங்காற்றை ஓங்கி அடிப்பார். பிறகு இரண்டு முன்கைகளையும் சேர்த்து நீட்டி, குனிந்து, கருவறையைப் பார்த்தபடி காத்திருப்பார். “நான் அடிச்சாச்சு முருகா. நீ திருப்பிப் போடு.”

சாமி தோளிலிருந்து பூ உதிர்ந்தால் சம்மதம் என்பது அந்த ஊர் வழக்கம். பதினோரு வருடம் கேட்டார், கண்ணுகளா! ஒரு இதழ்கூட உதிரவில்லை.

“காத்த அடிச்சு அடிச்சுச் சட்டை கிழிஞ்சதுதான் மிச்சம். எத்தன தடவதான் தைக்கது?” என்று மனைவி மாரிக்கனி ஊசியை எறிவார்.

அடியாருக்கும் ஒருநாள் பொறுமை போயிற்று. “பன்னெண்டு கை வச்சிருக்கியே, ஒரு பந்து போட ஒரு கைகூடவா உனக்கு ஒழியல?” என்று சந்நிதியிலேயே சண்டை பிடித்தார். ஆனாலும் மறுநாள் காலையில் கோடு போட வந்துவிட்டார்.

அவ்வருட இறுதி ஆட்டத்தில், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை என்ற நேரத்தில், ஓர் ஆட்டக்காரருக்குக் கால் பிசகியது. மாற்று ஆள் இல்லை. தங்கதுரை வேலாண்டியாரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “போய் நில்லும்வே. பந்து வந்தா மட்டும் தொட்டுராதீரும்!”

பந்து மேலே எழும்பியது. வேலாண்டியாருக்குப் பந்து எங்கே என்று பார்க்கும் வழக்கமே கிடையாதே! பழக்கத்தில் ஓடினார், எம்பினார், பதினோரு வருட ஆத்திரத்தையும் சேர்த்துக் காற்றை அடித்தார். வலையருகே நின்ற எதிரணியினர் மூவரும் அவரைத் தடுக்கத்தான் துள்ளினார்கள். பந்தோ மறுகோடியில் நின்ற தங்கதுரையிடம் போனது. அங்கே வலைக்கு அப்பால் தடுக்க ஆளே இல்லை. ஒரே அடி!

கோப்பையோடு எல்லோரும் சந்நிதிக்கு ஓடினார்கள். தங்கதுரை பந்தை அடியார் கையில் வைத்தார். “இனிமே தொட்டுக்கிடும்வே.”

அவர் அதை முருகன் காலடியில் வைத்துவிட்டு, முன்கைகளைச் சேர்த்து நீட்டினார். சாமியின் வலத்தோளிலிருந்து ஒரு செவ்வரளி உதிர்ந்தது. அந்தப் பந்தின்மேல் பட்டு, எம்பி, அவர் முன்கையில் வந்து உட்கார்ந்தது.

“இவ்வளவு நேரமாய்யா உனக்கு?” என்று அப்போதும் கோபித்துக்கொண்டார், அழுதபடியே.

சாமியோடு சலித்துக்கொண்டாலும் களத்தை விட்டு நகராத அந்தச் சுண்ணாம்புக் கைகளைக் கும்பிடுகிறேன். உங்கள் வீட்டில் யார் எதற்காகக் கை நீட்டிக் காத்திருந்தாலும், அந்தக் கை நிறையட்டும். கிழிந்ததைத் திட்டிக்கொண்டே தைத்துக் கொடுக்க, பக்கத்தில் ஒருவர் எப்போதும் இருக்கட்டும்.