பாதிப் பாதியாய்ச் செய்த ஆராய்ச்சி

கல்லாற்றங்கரைக் காட்டில் விலங்குக் குட்டிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கிண்கிணி என்ற மைனாதான் ஆசிரியை. பள்ளியை ஒட்டிய குகை நூலகம். அதன் நூலகர் கூரப்பன் என்ற முள்ளம்பன்றி. எந்த இலை மருந்து, எந்தக் காய் விஷம் என்று முன்னோர் கீறி வைத்த மரப்பட்டைகள் குகை நிறைய இருந்தன.

இருந்தும் என்ன? மழைக்காலம் வந்தாலே தாய்மார்கள் பயந்தார்கள். பாடம் படித்த குட்டிகளே கண்டதையும் தின்றுவிட்டுச் சுருண்டு விழுந்தன. போன மழையில் ஒரு முயல்குட்டி பிழைக்கவில்லை.

காட்டின் தலைவி வேழம்மா என்ற யானை. அவள் ஆசிரியை, நூலகர் இருவரையும் அழைத்தாள்.

"படித்த பிள்ளைகள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? நீங்கள் இருவரும் சேர்ந்து ஆராய்ந்து சொல்லுங்கள்! மழைக்காலம் முடியும்வரை இரை தேடி அலைய வேண்டாம். பழமும் கிழங்கும் காடு தரும். ஆனால், சேர்ந்து செய்ய வேண்டும். அதற்காகத்தான் தருகிறோம்!"

"அப்படியே, தலைவி!" என்று இருவரும் தலையாட்டினார்கள்.

வெளியே வந்ததும் கிண்கிணி சொன்னாள்: "கூரப்பரே, பிள்ளைகளை நான் கவனிக்கிறேன். பட்டைகளை நீங்கள் பாருங்கள். கடைசியில் இரண்டையும் ஒட்டிக்கொள்ளலாம்!"

"நல்லதாகப் போயிற்று, டீச்சர்! பக்கத்தில் யாராவது கீச்சுக்கீச்சென்று பேசினால் எனக்கும் வேலை ஓடாது!"

பழம் வந்தது. கிழங்கு வந்தது. இருவரும் சாப்பிட்டார்கள். ஆனால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை.

தூரத்தில் யானையின் காலடி கேட்டாலே கூரப்பனின் முட்கள் சிலிர்த்தன. 'எங்கே உங்கள் ஆராய்ச்சி என்று கேட்டால் என்ன சொல்வது?' கிண்கிணிக்குப் பாடத்தின் நடுவே பேச்சு நின்றது. 'போய் அவரிடம் கேட்கலாமா? இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டால்?' பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. புதர்களில் கருநீலக் காய்கள் பழுத்தன.

"பிள்ளைகளே, இதைப் பயப்படாமல் சாப்பிடலாம். நானே தினமும் சாப்பிடுகிறேனே!" என்று கிண்கிணி வகுப்பில் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் காய் அவளை ஒன்றும் செய்ததில்லை.

குகைக்குள் அதைக் கேட்ட கூரப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலையில்தான் ஒரு பட்டையில் படித்திருந்தான். அந்தக் காய் பறவைக்கு ஆகும், நாலுகால் பிராணிக்கு ஆகாது!

அவன் எழுந்தான். வாசல்வரை வந்தான். அங்கேயே நின்றான். 'பாடம் நடத்துவது அவர் வேலை. பிள்ளைகள் முன்னால் குறுக்கே பேசினால் கோபித்துக்கொள்வார். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.' திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

சாயங்காலம்வரை காலம் காத்திருக்கவில்லை. பள்ளி விட்டதும் தும்பி என்ற மான்குட்டி வழியிலேயே காய்களை மேய்ந்துவிட்டான். சற்று நேரத்தில் கால்கள் பின்னின. வாயில் நுரை தள்ளியது.

"ஐயோ, என் பிள்ளை!" என்று தாய்மான் பொன்னி அலறினாள்.

கிண்கிணி பறந்து வந்தாள். "என்னடா சாப்பிட்டாய்?"

"நீங்கள்... சொன்ன... காய்!"

கிண்கிணிக்கு உலகமே இருண்டது. குகைக்குப் பறந்தாள். "கூரப்பரே! தும்பி சாகக் கிடக்கிறான்! மாற்று மருந்து ஏதாவது இருக்கிறதா?"

கூரப்பன் பட்டைகளை இழுத்துப் போட்டுத் தேடினான். "இதோ! இலை இதய வடிவம். அடியில் சிவப்பு நரம்பு. கசக்கினால் புளிப்பு வாசனை. ஆனால் இது எங்கே முளைக்கும் என்று எனக்குத் தெரியாதே, டீச்சர்!"

"எனக்குத் தெரியும்! ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன்!"

மழையில் நனைந்தபடி கிண்கிணி இலையைக் கொண்டுவந்தாள். கூரப்பன் மென்று சாறெடுத்தான். பொன்னி மகனின் வாயைத் திறந்து பிடித்தாள். சாறு உள்ளே போனது. தும்பியின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

தும்பி வாந்தி எடுத்தான். பிறகு முனகினான். பிறகு, "அம்மா, தண்ணீர்!" என்றான்.

மறுநாள் இருவரும் தாங்களாகவே வேழம்மா முன் போய் நின்றார்கள். பொன்னியும் அங்கே வந்திருந்தாள்.

"தலைவி, நாங்கள் சேர்ந்து எதுவுமே செய்யவில்லை," என்றாள் கிண்கிணி.

"தெரிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை," என்றான் கூரப்பன். "பிள்ளைகள் ஏன் தவறு செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். நாங்கள் ஒருவரோடொருவர் பேசாததால்தான்!"

வேழம்மாவின் காதுகள் விறைத்தன. "காட்டின் உணவைத் தின்றுவிட்டு இப்படியா! பொன்னி, அடிபட்டவள் நீ. நீயே சொல். உணவை நிறுத்திவிடவா?"

பொன்னி முன்னால் வந்தாள்.

"நிறுத்தச் சொல்லத்தான் வந்தேன், தலைவி. ஆனால் இவர்கள் இரை தேடப் போய்விட்டால் என் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவார்கள்? மழை இன்னும் விடவில்லையே! கொடுங்கள். ஆனால் ஒரே குவியலாகக் கொடுங்கள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்!"

அப்படியே ஆயிற்று. முதல் நாள் இருவரும் தலை நிமிராமல் கிழங்கைக் கொறித்தார்கள். கடைசியில் கிண்கிணி மெதுவாகக் கேட்டாள்:

"நாளைக்குக் காளான் பாடம் வைத்திருக்கிறேன். நான் சொல்லப் போவதை ஒருமுறை கேட்கிறீர்களா?"

கூரப்பன் கிழங்கைக் கீழே வைத்தான். "சொல்லுங்கள், டீச்சர்! தப்பாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுவேன்!"

"அதற்குத்தானே கேட்கிறேன்!"

அந்த மழையில் அதன் பிறகு எந்தக் குட்டியும் விழவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பாடம் முடிந்ததும், எல்லாக் குட்டிகளும் வீடு போய்ச் சேர்ந்தனவா என்று இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

நீதி: சேர்ந்து செய்யும் பொறுப்பை ஏற்றவர்கள் தமக்குத் தெரிந்ததைத் தம்மோடு வைத்துக்கொண்டால், அதன் துன்பம் அவர்களை நம்பியிருப்பவர்களையே சேரும்.